ஒரு இன்ச் பைப் ஏன் ஒரு இன்ச் இல்லை? – குழாய் வெல்டிங்கின் கதை

தேர்வு, ரெக்கார்டு நோட்டு, வைவா எல்லாம் முடிந்து ரொம்ப நாள் கழித்து எழுதுகிறேன். போன தடவை கடிகாரத்தைப் பற்றி எழுதினேன். இந்தத் தடவை கொஞ்சம் கரடுமுரடான விஷயம். குழாய்!

"குழாயைப் பற்றி எழுத என்ன இருக்கு?" என்று என் ரூம்மேட் இப்போதே கேட்டுவிட்டான். அவனுக்காகவே ஒரு கதையோடு ஆரம்பிக்கிறேன்.

லேபில் ஒரு நாள் வெர்னியர் காலிப்பரைக் கொடுத்து, "இந்த ஒரு இன்ச் பைப்போட வெளி விட்டத்தை அளந்து எழுது" என்றார் சார். ஒரு இன்ச் என்றால் 25.4 மில்லிமீட்டர், இதை எதற்கு அளக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே அளந்தேன். 33.4 வந்தது. வெர்னியர் ரிப்பேர் என்று வேறு ஒன்றை வாங்கி அளந்தேன். அதிலும் 33.4. சரி, உள் விட்டமாவது 25.4 இருக்கும் என்று பார்த்தால் அது 26.6! பக்கத்தில் இருந்தவன் அமைதியாக 25.4 என்று எழுதி வைத்துவிட்டான். நான் உள்ளதை எழுதினேன். கடைசியில் சரியாக எழுதிய நாலு பேரில் நானும் ஒருவன் :-)

ஒரு இன்ச் பைப்பில் ஒரு இன்ச் என்ற அளவு எங்கேயுமே இல்லை என்றால் அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? இதைத் தேடப் போய்தான் இந்தக் கட்டுரை. அந்த வாரம் ஊருக்கு வந்திருந்த என் சித்தப்பாவும் இதற்கு ஒரு காரணம். அவர் இருபது வருடத்துக்கு மேலாகப் பைப் வெல்டர். அவர் சொன்ன ஒரு விஷயத்தைக் கடைசியில் எழுதுகிறேன், பொறுமையாக வாருங்கள்.

துப்பாக்கியில் ஓடிய காஸ்

1792ல் வில்லியம் முர்டோக் என்பவர் இங்கிலாந்தின் ரெட்ரூத் என்ற ஊரில், நிலக்கரியைச் சூடாக்கி வரும் வாயுவை எரித்துத் தன் வீட்டுக்கு வெளிச்சம் போட்டார். 1812ல் லண்டனில் தெருவிளக்குகளுக்கு வாயு கொடுக்க ஒரு கம்பெனியே தொடங்கப்பட்டது. வாயு இருக்கிறது, விளக்கு இருக்கிறது, இரண்டுக்கும் நடுவில் கொண்டுபோகக் குழாய் வேண்டுமே? தெருவில் பதிக்க வார்ப்பிரும்புக் குழாய் சரி. வீட்டுக்குள் போகும் சின்னக் குழாய்க்கு எங்கே போவது?

அந்த நேரத்தில் நெப்போலியன் போர்கள் முடிந்தன (வாட்டர்லூ, 1815). படைகள் கலைந்தன. லட்சக்கணக்கில் செய்து வைத்த துப்பாக்கிக் குழல்கள் வேலையில்லாமல் கிடந்தன. அந்தக் குழல்களை ஒன்றோடு ஒன்று மரை போட்டு முறுக்கி, வாயுக் குழாயாக மாட்டினார்கள். பிரிட்டனில் பழைய பிளம்பர்கள் இரும்புக் குழாயை 'பேரல்' என்று சொல்வதற்குக் காரணம் இதுதான் என்கிறார்கள்.

பழைய குழல் எத்தனை நாளைக்கு வரும்? புதிதாகச் செய்தாக வேண்டும். துப்பாக்கிக் குழல் செய்யும் முறை கொல்லன் முறை. இரும்புப் பட்டையைப் பழுக்கக் காய்ச்சி, ஒரு கம்பியைச் சுற்றி வளைத்து, ஓரத்தின் மேல் ஓரம் வைத்துச் சம்மட்டியால் அடித்து ஒட்ட வைப்பது. நம் ஊர்க் கொல்லுப்பட்டறையில் கடப்பாரைக்கு நுனி ஒட்டுவதும் இதே முறைதான். ஆக, உலகத்தின் முதல் வெல்டிங்கில் மின்சாரமும் இல்லை, காஸும் இல்லை. கரி அடுப்பும் சுத்தியலும்தான்.

1824ல் வெட்னஸ்பரி என்ற ஊரைச் சேர்ந்த ஜேம்ஸ் ரஸ்ஸல் இந்த அடிக்கும் வேலையை இயந்திரச் சுத்தியலுக்கு மாற்றிக் காப்புரிமை வாங்கினார். அடுத்த வருடமே, 1825ல், கார்னீலியஸ் வைட்ஹவுஸ் என்பவர் அதையும் தாண்டிவிட்டார். சுத்தியலே வேண்டாம், வளைத்த பட்டையை உலையில் வெண்மையாகும் வரை காய்ச்சி, ஒரு வட்டத் துளை வழியாக இழுத்தால் போதும். துளை நெருக்கும் நெருக்கத்தில் இரண்டு ஓரமும் ஒட்டிக்கொள்ளும். முறுக்குப் பிழியும்போது அச்சு வழியாக மாவு உருண்டு வருகிறதே, கிட்டத்தட்ட அப்படி. ஒரே வித்தியாசம், இங்கே அழுத்தவில்லை, இழுக்கிறார்கள். குழாய் விலை குறைந்தது, அளவு ஒரே மாதிரி ஆனது. ரஸ்ஸல் அந்த உரிமையையும் வாங்கிக்கொண்டார் (விவரமான ஆள்!).

இப்போது நம் ஒரு இன்ச் கேள்விக்குப் பதில் சொல்லிவிடலாம். அந்தக் காலத்து இரும்பு கெட்டி இல்லை, அதனால் குழாயின் சுவர் தடிமனாக இருந்தது. உள்ளே ஓட்டை சுமார் ஒரு இன்ச் இருந்தால் அது ஒரு இன்ச் பைப். பிறகு நல்ல எஃகு வந்தது, விதவிதமான தடிமன்கள் வந்தன. ஆனால் மரை போடுவது வெளிப்பக்கத்தில் அல்லவா? வெளி அளவை மாற்றினால் ஊரில் உள்ள அத்தனை எல்போ, டீ, கப்ளிங்கும் வீணாகிவிடும். அதனால் வெளி விட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டு உள் அளவை மட்டும் மாற்றினார்கள். ஒரு இன்ச் என்ற பேர் மட்டும் மிஞ்சியது. 12 இன்ச் பைப் வரை இந்தக் கதைதான். 14 இன்ச்சிலிருந்து மேலே போனால் சொன்ன அளவே வெளி விட்டம். (இது வைவாவில் கேட்பார்கள், குறித்துக்கொள்ளுங்கள்.)

மரையும் வண்டிக்காரர்களும்

குழாய் செய்தாயிற்று. ஒரு குழாயோடு இன்னொன்றைச் சேர்ப்பதுதான் அடுத்த தலைவலி. குழாயின் வரலாறு உண்மையில் இணைப்பின் வரலாறுதான்.

அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் எண்ணெய் கிடைத்த புதிது. கிணற்றிலிருந்து ரயில் நிலையம் வரை பீப்பாய்களை வண்டிக்காரர்கள் குதிரை வண்டியில் கொண்டுபோவார்கள். சேறு, பள்ளம், இஷ்டத்துக்கு வாடகை. குழாய் போடலாம் என்று முன்பே சிலர் முயன்றார்கள். இணைப்புகளில் ஒழுகியே அவை தோற்றன. 1865ல் சாமுவேல் வான் சைக்கல் என்பவர் பிட்ஹோல் என்ற ஊரிலிருந்து சுமார் 5 மைல் தூரத்துக்கு, 2 அங்குல இரும்புக் குழாயை 15 அடித் துண்டுகளாக மரை போட்டு முறுக்கி இழுத்தார். நீராவிப் பம்பு வைத்துத் தள்ளினார். ஒழுகவில்லை!

வண்டிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? பிழைப்பு போகிறதே. இரவோடு இரவாக வந்து குழாயைத் தோண்டி எடுத்து உடைத்தார்கள். ஆயுதத்தோடு காவல் போட்டுத்தான் குழாய் தப்பித்தது. ஆட்டோவும் கால் டாக்சியும் சண்டை போடுவதைச் செய்தியில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இனி பிட்ஹோல்தான் ஞாபகம் வரும்.

1879ல் டைட்வாட்டர் என்ற கம்பெனி 6 அங்குலக் குழாயை அலகெனி மலைகளைத் தாண்டி 109 மைல் தூரம் கொண்டுபோனது. அதுவும் மரைதான். பெரிய பெரிய இடுக்கிகளைப் பிடித்து ஆட்கள் வரிசையாக நின்று முறுக்கினார்கள். குழாய் பெருக்கப் பெருக்க முறுக்குவதற்கு ஆட்களும் பெருத்தார்கள். தவிர, மரை வெட்டினால் அந்த இடத்தில் சுவர் மெலியும். அழுத்தம் கூடினால் முதலில் போவது அந்த இடம்தான். வேறு வழி தேவைப்பட்டது.

நெருப்பு வந்தது, மின்சாரமும் வந்தது

வழி இரண்டு பக்கமிருந்து வந்தது.

ஒன்று, காஸ் வெல்டிங். மாம்பழத்தைக் கல் வைத்துப் பழுக்க வைக்கிறார்கள் என்று சோதனை போடுகிறார்களே, அந்தக் கார்பைடு கல்லில் தண்ணீர் பட்டால் வருவது அசிட்டிலீன். அதை ஆக்சிஜனோடு கலந்து எரித்தால் 3000 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டும் என்று பிரெஞ்சு வேதியியலாளர் லெ ஷாட்லியே 1895ல் கண்டுபிடித்தார். (ஆமாம், பிளஸ் டூ கெமிஸ்ட்ரியில் நம்மைப் படுத்திய அதே லெ ஷாட்லியே!) இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதற்கு ஏற்ற டார்ச் வந்தது. 1911ல் பிலடெல்பியா அருகே 11 மைல் குழாயை இப்படி ஒட்டிப் பார்த்தார்கள். 1920களில் நூற்றுக்கணக்கான மைல்களுக்குப் போனார்கள்.

இன்னொன்று, மின்சார வில். ரஷ்யப் பேரரசைச் சேர்ந்த பெர்னார்டோஸ் 1881ல் கரிக் கம்பிக்கும் உலோகத்துக்கும் நடுவே மின்பொறியை நிறுத்தி உலோகத்தை உருக்கினார். 1888ல் ஸ்லாவ்யனோவ் கரிக்குப் பதில் இரும்புக் கம்பியையே வைத்தார். பொறியும் வரும், கம்பி உருகி இடைவெளியையும் நிரப்பும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். ஆனால் ஒரு பிரச்சினை. உருகிய இரும்பு காற்றில் உள்ள ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் உறிஞ்சிக்கொள்ளும். ஆறினால் ரொட்டி மாதிரி ஓட்டை ஓட்டையாக, தட்டினால் உடைகிற மாதிரி இருக்கும்.

இதைத் தீர்த்தவர் ஸ்வீடனைச் சேர்ந்த ஆஸ்கர் ஷெல்பெரி. கப்பல் கொதிகலன் ரிப்பேர் வேலையில் இருந்தவர். கம்பியின் மேல் ஒரு பூச்சைத் தடவினார். கம்பி உருகும்போது பூச்சும் எரிந்து புகையாகவும் கசடாகவும் மாறி, உருகிய இரும்பைக் காற்று படாமல் மூடிவிடும். பூசிய ராடுக்கு 1907ல் காப்புரிமை பெற்றார். இன்றைக்குத் தெருமுனை கேட் வெல்டிங் கடையில் ராடு அடித்து முடித்ததும் சுத்தியலால் 'டக் டக்' என்று கசடைத் தட்டுகிறார்களே, அந்தக் கசடு வேஸ்ட் இல்லை நண்பர்களே. இரும்பு ஆறும் வரை போர்த்தியிருந்த போர்வை.

அப்புறம் மரக்கூழ், அதாவது செல்லுலோஸ், சேர்த்த பூச்சு வந்தது. இதுதான் பைப்லைன்காரர்களுக்கு அடித்த யோகம். பொறி ஆழமாகத் தோண்டும், இரும்பு சீக்கிரம் உறையும். அதனால் குழாயின் உச்சியில் தொடங்கி இரண்டு பக்கமும் கீழ்நோக்கி வேகமாக இறங்கிவிடலாம். ஒரு ஜோடி ரூட் போட்டுவிட்டு அடுத்த இணைப்புக்கு ஓடும். பின்னாலேயே வரும் ஜோடி அதன் மேல் அடுத்த அடுக்கு போடும். அதற்கும் பின்னால் வருபவர்கள் நிரப்பி மூடுவார்கள். நாற்று நடும் வரிசை மாதிரி ஒரு வரிசை நகர்ந்துகொண்டே இருக்கும்.

இந்த முறைக்கு வந்த பெரிய பரீட்சை இரண்டாம் உலகப் போர். 1942ல் அமெரிக்கக் கிழக்குக் கரையில் எண்ணெய்க் கப்பல்களை ஜெர்மன் நீர்மூழ்கிகள் ஒன்றன்பின் ஒன்றாக மூழ்கடித்தன. எண்ணெயைத் தரைவழியாகவே கொண்டுபோவது என்று முடிவாயிற்று. டெக்சாசிலிருந்து கிழக்குக் கரைக்கு 1,254 மைல், 24 அங்குலக் குழாய். 1942 ஆகஸ்டில் தொடங்கி 1943 ஜூலையில் கடைசி இணைப்பு வெல்டு ஆனது. ஒரு வருடம்கூட ஆகவில்லை! 'பிக் இன்ச்' என்று செல்லப் பெயர். போருக்குப் பிறகு 1947ல் அதை விற்றுவிட்டார்கள், எண்ணெய்க்குப் பதிலாக இயற்கை எரிவாயு ஓட ஆரம்பித்தது.

சித்தப்பா சொன்ன பாடம்

அதே போர்க்காலத்தில் இன்னொரு முறையும் பிறந்தது. விமானங்களுக்கு மக்னீசியத்தை வெல்டு செய்ய வேண்டும். உருகும் சூட்டில் மக்னீசியம் காற்று பட்டால் தீப்பிடிக்கும். 1941ல் நார்த்ரப் விமானக் கம்பெனியின் ரஸ்ஸல் மெரிடித், உருகாத டங்ஸ்டன் ஊசியில் பொறியை வைத்து, சுற்றிலும் ஹீலியம் வாயுவை ஊதினார். புகை இல்லை, கசடு இல்லை. பிறகு ஹீலியத்துக்குப் பதில் ஆர்கான் வந்தது. நம் ஊர் லேத் பட்டறைகளில் 'ஆர்கான் வெல்டிங்' என்று போர்டு தொங்குகிறதே, அதுதான் இது.

இது குழாய்க்கு எப்படி வந்தது என்பதைச் சித்தப்பாவே சொல்லட்டும். வீட்டுத் திண்ணையில் இரண்டு பிவிசி குழாய்த் துண்டுகளை வைத்துக்கொண்டு எனக்கு வகுப்பு எடுத்தார்.

"முதல்ல ஃபிட்டர்தான்டா தம்பி ராஜா. டிராயிங்கைப் பார்த்து வெட்டி, ஓரத்தைச் சாய்வா பெவல் அடிச்சு, ரெண்டையும் நேரா நிறுத்தி டாக் வைக்கணும். நடுவுல ரெண்டு மூணு மில்லிமீட்டர் இடைவெளி. அவன் கோணலா வெச்சா நான் என்ன அடிச்சாலும் கோணல்தான்."

இடைவெளியின் அடியில் போடும் முதல் அடுக்கு ரூட். அதை ஆர்கானில் போடுவார்கள், ஏனென்றால் குழாயின் உட்பக்கத்தைச் சுத்தம் செய்ய முடியாது. கசடு உள்ளே விழுந்தால் அது எங்கேயோ போய் ஒரு வால்விலோ டர்பைனிலோ மாட்டும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் குழாய்க்கு உள்ளேயும் ஆர்கானை நிரப்ப வேண்டும். இல்லாவிட்டால் உட்பக்கம் கருகி, அடிப்பிடித்த சர்க்கரைப் பாகு மாதிரி பொரிந்துவிடும். வெளியே பார்த்தால் வெள்ளி மாதிரி மின்னும், உள்ளே சர்க்கரை நோய்! ரூட்டுக்கு மேல் ராடால் நிரப்பி, கடைசியில் கேப்பிங். அந்த ராடையும் சூடான பெட்டியில் வைத்துத்தான் எடுப்பார்கள். ஈரம் பட்ட ராடிலிருந்து வரும் ஹைட்ரஜன் இரும்புக்குள் புகுந்து, வெல்டு ஆறிப் பல மணி நேரம் கழித்துக்கூட விரிசல் விடும்.

வெல்டருக்கு வைக்கும் பரீட்சையில் பெரியது 6ஜி. குழாயை 45 டிகிரி சாய்த்து அசையாமல் கட்டிவிடுவார்கள். குழாயைத் திருப்பக் கூடாது, நாம்தான் சுற்ற வேண்டும். மேலே, பக்கவாட்டில், தலைக்கு மேலே என்று எல்லா நிலையும் ஒரே இணைப்பில் வந்துவிடும். பிறகு அதைத் துண்டு போட்டு வளைத்துப் பார்ப்பார்கள், அல்லது எக்ஸ்ரே எடுப்பார்கள். சித்தப்பா முதல் இரண்டு தடவை ஃபெயில். மூன்றாவது தடவை பாஸ். நம் அரியர்ஸ் கணக்கில் அது ஒன்றுமில்லை :-)

சித்தப்பா வேலை கற்றது திருச்சியில். 1965ல் அங்கே பாரத் மிகுமின் நிறுவனத்தின் உயர் அழுத்தக் கொதிகலன் தொழிற்சாலை வந்தது. 1975ல் வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் வந்தது. அதைச் சுற்றித் துவாக்குடி பக்கம் சின்னச் சின்ன ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் முளைத்தன. அங்கே கையைப் பழக்கிக்கொண்டு வளைகுடாவுக்குப் போன வெல்டர்கள் நம் மாவட்டங்களில் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். உங்கள் தெருவிலேயே ஒருவர் இருப்பார்.

உள்ளே எட்டிப் பார்த்தது யார்?

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். வெல்டு வெளியே அழகாக இருக்கிறது. உள்ளே?

1905 மார்ச் 20ல் அமெரிக்காவின் பிராக்டன் நகரில் ஒரு செருப்புத் தொழிற்சாலையின் கொதிகலன் வெடித்து 58 பேர் செத்தார்கள். அந்த மாதிரி விபத்துகளுக்குப் பிறகுதான் கொதிகலனுக்கும், பின்னால் குழாய்க்கும், வெல்டருக்கும் விதிப் புத்தகங்கள் வந்தன. ரான்ட்ஜன் 1895ல் கண்டுபிடித்த எக்ஸ்ரே, கை எலும்பைப் பார்த்த மாதிரி இரும்புக்குள்ளும் பார்க்க உதவியது. இன்று சைட்டில் பெரும்பாலும் இரிடியம்-192 என்ற கதிரியக்கப் பொருளை வைத்துப் படம் எடுக்கிறார்கள். ஆட்கள் இல்லாத ராத்திரி நேரத்தில், சுற்றிலும் கயிறு கட்டி, எடுப்பார்கள். ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு எண், பக்கத்தில் அதை அடித்த வெல்டரின் எண். படத்திலும் அதே எண்கள் விழும். வெல்டரின் ஜாதகமே அதில் வந்துவிடும்.

ஆனால் படத்தையே பொய்யாக வைத்தால்?

அதுதான் அலாஸ்காவில் நடந்தது. வடக்கே ப்ரூடோ விரிகுடாவிலிருந்து தெற்கே வால்டீஸ் துறைமுகம் வரை 800 மைல், 48 அங்குலக் குழாய். 1975 மார்ச் 27ல் முதல் குழாயை இறக்கினார்கள். ஒக்லஹோமாவின் டல்சாவைச் சேர்ந்த தொழிற்சங்கத்தின் பைப்லைன் வெல்டர்கள் வந்தார்கள். உறைபனியில் கூடாரம் போட்டு, குழாயைச் சூடாக்கி, வெல்டு அடித்தார்கள். குழாய்களை முன்கூட்டியே இரண்டிரண்டாகச் சேர்த்தது போக, களத்தில் மட்டும் சுமார் 66,000 இணைப்புகள்.

எல்லா இணைப்பையும் படம் எடுக்க வேண்டும் என்பது விதி. 1975ல், படம் எடுக்கும் ஒப்பந்தக் கம்பெனியில் வேலை பார்த்த ஒருவர், படங்களில் மோசடி நடந்தது என்று வழக்குப் போட்டார். தோண்டத் தோண்ட விஷயம் வெளியே வந்தது. ஒரு நல்ல இணைப்பின் படத்தையே வேறு இணைப்புகளின் படம் என்று வைத்திருந்தார்கள். சிலவற்றுக்குப் படமே இல்லை. சிலவற்றில் குறை தெரிந்தும் பாஸ் போட்டிருந்தார்கள். அந்த வருடம் அடித்த வெல்டுகளைத் தணிக்கை செய்ததில் 3,955 சந்தேகத்துக்குரியவை என்று வந்தது. 1976ல் விஷயம் அமெரிக்க நாடாளுமன்றம் வரை போனது.

மூடிய மண்ணைத் திரும்பத் தோண்டினார்கள். பெரும்பாலானவற்றைத் திரும்பப் படம் எடுத்தார்கள், தேவைப்பட்டதை ரிப்பேர் செய்தார்கள். தோண்ட முடியாத இடங்களுக்கு விலக்குக் கேட்டார்கள். இவ்வளவு பெரிய குறை இருந்தால் குழாய் உண்மையிலேயே உடையுமா, உடையாதா என்று அமெரிக்கத் தேசியத் தரநிலை அலுவலகம் கணக்குப் போட்டுப் பார்த்தது. கடைசியில் கொயுகுக் ஆற்றுக்கு அடியில் கிடந்த 3 இணைப்புகளுக்கு மட்டும் விலக்குக் கிடைத்தது. 1977 ஜூனில் எண்ணெய் ஓடத் தொடங்கியது.

இதில் என்னை உறுத்திய விஷயம் ஒன்று உண்டு. அந்த 3,955ல் பல வெல்டுகள் நன்றாகவே இருந்திருக்கும். பனியில் நின்று ஒழுங்காக வேலை செய்த வெல்டரின் இணைப்பும், படம் பொய் என்பதால் சந்தேகப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. ஒரு பொய்க் கையெழுத்து, உண்மையான வேலையையும் பொய்யாக்கிவிடும்.

சாக்பீஸில் போட்ட டிராயிங்

இன்னொரு கதையும் சொல்லியே ஆக வேண்டும். இதில் வெல்டர் மேல் தப்பில்லை.

இங்கிலாந்தில் ஃபிளிக்ஸ்பரோ என்ற இடத்தில் ஒரு ரசாயன ஆலை. நைலானுக்கான மூலப்பொருள் செய்யும் இடம். ஆறு உலைகள் வரிசையாக, படிக்கட்டு மாதிரி ஒன்றைவிட ஒன்று 14 அங்குலம் தாழ்வாக. 1974 மார்ச்சில் ஐந்தாவது உலையில் நீளமான விரிசல். அதைக் கழற்றிவிட்டு நாலாவதையும் ஆறாவதையும் நேரடியாகச் சேர்க்க ஒரு மாற்றுக் குழாய் போட முடிவு செய்தார்கள். உலையின் வாய் 28 அங்குலம். கையில் இருந்ததோ 20 அங்குலக் குழாய். உயரம் வேறு வேறு என்பதால் நடுவில் இரண்டு வளைவு. இதற்கு டிராயிங் எங்கே போட்டார்கள் தெரியுமா? பட்டறைத் தரையில், சாக்பீஸில்! ஆலையில் அப்போது தகுதியான மெக்கானிக்கல் இன்ஜினியர் யாரும் இல்லை. இருந்தவர் வேலையை விட்டுப் போயிருந்தார்.

குழாயை வெட்டினார்கள், வெல்டு செய்தார்கள், மாட்டினார்கள், சாரக்கட்டுக் கம்பிகளின் மேல் உட்கார வைத்தார்கள். இரண்டு முனையிலும் மடிப்பு மடிப்பான பெல்லோஸ். அழுத்தம் ஏறும்போது வளைந்த குழாய் முறுக்கிக்கொள்ளப் பார்க்கும், அந்த விசையைப் பெல்லோஸ் தாங்காது என்று யாரும் கணக்குப் போடவில்லை. இரண்டு மாதம் ஓடியது. 1974 ஜூன் 1, சனிக்கிழமை மாலை, குழாய் பிய்ந்தது. சைக்ளோஹெக்சேன் ஆவி மேகமாகப் பரவி வெடித்தது. 28 பேர் செத்தார்கள், அதில் 18 பேர் கட்டுப்பாட்டு அறையில். வார நாளாக இருந்திருந்தால் இன்னும் எத்தனையோ பேர் போயிருப்பார்கள்.

படத்தில் வரும் ஹீரோ மாதிரி வெல்டர் மட்டும் நல்லவராக இருந்தால் போதாது. கணக்குப் போடுபவர், டிராயிங் போடுபவர், சோதிப்பவர், கையெழுத்துப் போடுபவர் எல்லோரும் சேர்ந்ததுதான் ஒரு இணைப்பு.

கடைசியாக, சித்தப்பாவின் எண்

அலாஸ்கா கதையைச் சித்தப்பாவிடம் சொன்னேன். ஆச்சரியப்படுவார் என்று நினைத்தேன். அவர் வெற்றிலைப் பெட்டியை மூடிவிட்டுச் சிரித்தார்.

"இதுக்கு அலாஸ்கா வரைக்கும் போவானேன்? நானே பார்த்திருக்கேன்."

வெளிநாட்டில் ஒரு சைட். பெயர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வேலை தாமதமாகிக்கொண்டிருந்தது. ஒரு ராத்திரி சூப்பர்வைசர் வந்து, சித்தப்பா அடித்த ஒரு நல்ல இணைப்பைக் காட்டி, "இதையே பத்துப் படம் எடுத்துக்கலாம், நம்பரை மட்டும் மாத்திப்போம்" என்றாராம்.

"நீங்க என்ன செஞ்சீங்க சித்தப்பா?"

"என்ன செய்யறது? பாஸ்போர்ட் அவங்க கையில. வாயைத் திறக்கலை." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "ஆனா மறுநாள் காலையில முதல் வேலையா என்ன பண்ணேன் தெரியுமா? அந்தப் பத்து ஜாயிண்டையும் ஒவ்வொண்ணா போய்ப் பார்த்தேன். என் நம்பர் எங்கேயாவது அடிச்சிருக்கான்னு. ரெண்டுல அடிச்சிருந்தாங்க. நான் அடிக்காத ஜாயிண்ட்டா அது. கிரைண்டரை வெச்சு என் நம்பரை அழிச்சிட்டு வந்துட்டேன். அவ்வளவுதான் என்னால முடிஞ்சது."

அவர் அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. "மீதி எட்டு இப்பவும் எங்கேயோ ஓடிக்கிட்டுதான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

நம் வகுப்பில் பாதிப் பேர் குவாலிட்டி கன்ட்ரோல் வேலைக்குத்தான் போகப்போகிறோம். ஏசி ரூம், ஹெல்மெட், கையில் ஃபைல். அந்த ஃபைலில் கீழே ஒரு கையெழுத்து இடம் இருக்கும். வைட்ஹவுஸின் உலையிலிருந்து ஆர்கான் வரைக்கும் இருநூறு வருடமாக எத்தனையோ பேர் மூளையைக் கசக்கி, ஒழுகாத ஒரு இணைப்பைக் கொடுத்திருக்கிறார்கள். அதைக் கெடுக்கப் பெரிய தொழில்நுட்பம் எதுவும் வேண்டாம். வெர்னியரில் 33.4 என்று தெரிந்தும், எல்லோரும் எதிர்பார்ப்பது 25.4 தானே என்று எழுதினால் போதும்.

அந்த லேப் நோட்டை நான் இன்னும் வைத்திருக்கிறேன். சித்தப்பாவிடம் காட்டினேன். "சரியாத்தான்டா அளந்திருக்கே" என்றார். இத்தனை வருடப் படிப்பில் எனக்குக் கிடைத்த நல்ல மார்க் அதுதான்.

அடுத்த கட்டுரையில் சந்திப்போம். அதுவரை, தண்ணீர்க் குழாயைத் திறக்கும்போது ஒரு நிமிடம் துப்பாக்கியை நினைத்துக்கொள்ளுங்கள்!